விற்பதற்காக வனைந்த பானைகள்

1922-இல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், சாண்டா ஃபே வட்டாரத்தில் நடந்த ஒரு வீட்டு விருந்தில், ஜுனி என்ற பூர்வகுடி மக்கள் வனைந்த பழைய பானை ஒன்று உடைந்தது. விருந்துக்கு வந்திருந்தவர்களில் சிலர் பூர்வகுடி மட்பாண்டங்கள்மீது தீராத ஆசை கொண்டவர்கள். அப்போதெல்லாம் பழைய நல்ல பானைகள் கிழக்கே நியூயார்க், வாஷிங்டன், சிகாகோ என்று ரயிலேறிப் போய்க்கொண்டிருந்தன. மிச்சம் இருப்பவையும் இப்படி உடைந்து போனால் இந்தப் பக்கத்தில் வனைகிறவர்களுக்குப் பார்த்துப் பழகக்கூட ஒன்றும் மிஞ்சாது என்ற பேச்சு அங்கே எழுந்தது. உடைந்த பானையை ஒட்டினார்கள். அதிலிருந்து ஒரு நிதி தொடங்கியது. கென்னத் சாப்மன், ஹாரி மேரா போன்றவர்கள் முன்னின்று நடத்திய அது, 1925-இல் ‘இந்தியன் ஆர்ட்ஸ் ஃபண்ட்’ என்று பதிவு பெற்றது. இன்று சாண்டா ஃபேயில் உயர் ஆய்வுப் பள்ளி ஒன்றின் காப்பகத்தில் ஆயிரக்கணக்கான பானைகளோடு இருக்கும் அந்தச் சேகரிப்பின் முதல் எண், ஒட்டுப்போட்ட அந்த ஜுனி ஜாடிக்குத்தான்.

ஜுனி பானைகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் அவற்றை இரண்டு கூறாகப் பிரிப்பார்கள். வீட்டில் புழங்கச் செய்தது ஒன்று, வெளியாரிடம் விற்கச் செய்தது இன்னொன்று. முதலாவது அசல், இரண்டாவது ஏதோ குறைந்த சரக்கு என்ற தொனி அதில் எப்போதும் இருக்கும். ஏலக் குறிப்புகளிலும் அருங்காட்சியகப் பலகைகளிலும் இதைப் பார்க்கலாம். எனக்கு இந்தப் பிரிவினை ஒருநாளும் ஒப்பவில்லை. ஜுனி பெண்கள் எந்தப் பானையை வனைந்தபோதும் அதே மண்ணைத்தான் பிசைந்தார்கள், அதே முறைப்படிதான் வரைந்தார்கள். வாங்க வந்தவர்களால் மாறியவை வேறு: எந்தப் பானை ஊரில் தங்கியது, எது போனது, உலகம் எதை ‘ஜுனி’ என்று அடையாளம் கண்டது. இவையெல்லாம் நிச்சயம் மாறின.

ஜுனி ஊர் நியூ மெக்சிகோவின் மேற்கு எல்லையை ஒட்டி, காலப் நகருக்குத் தெற்கே சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. ஊருக்குத் தென்கிழக்கே தோவா யாலானே என்கிற சோள மலை, சிவப்பும் வெளுப்புமாகப் பாறை அடுக்குகளோடு செங்குத்தாக எழுந்து நிற்கும். இந்த மக்கள் பேசும் மொழிக்கு உறவு மொழி என்று எதையும் இதுவரை யாராலும் நிறுவ முடியவில்லை. பொன்னால் ஆன ஏழு நகரங்கள் இருப்பதாக நம்பி 1540-இல் ஸ்பானியத் தளபதி கொரொனாடோ படையோடு வந்து சேர்ந்தது இவர்களுடைய ஹாவிகூ என்ற ஊருக்குத்தான். பொன் கிடைக்கவில்லை. பல நூற்றாண்டு கழித்து, 1917-இலிருந்து 1923 வரை, ஃபிரெடெரிக் ஹாட்ஜ் தலைமையில் அந்த ஹாவிகூவைத் தோண்டினார்கள். கிடைத்த ஏராளமான மட்பாண்டங்கள் நியூயார்க்கில் ஒரு தனி அருங்காட்சியகத்துக்குப் போயின.

ஜுனி பானை சக்கரத்தில் சுழற்றி எடுப்பதல்ல. மண்ணைக் கயிறு போலத் திரித்து, சுருள்மேல் சுருளாக அடுக்கி, சுரைக்குடுக்கைத் துண்டால் உள்ளும் புறமும் வழித்துச் சுவர் எழுப்புகிறார்கள். மண்ணோடு பழைய பானைச் சில்லுகளை இடித்துத் தூளாக்கிக் கலப்பார்கள். உலரும்போதும் சுடும்போதும் வெடிக்காமல் இருக்க இது வேண்டும். பாட்டி காலத்துப் பானையின் உடம்பு பேத்தி வனையும் பானைக்குள் இருப்பது இப்படித்தான். உலர்ந்ததும் வெள்ளை மண்ணைக் கரைத்து மேலே பூசி, வழவழப்பான கூழாங்கல்லால் தேய்ப்பார்கள். கறுப்பு நிறத்துக்கு இரும்புச் சத்துள்ள கல்லை அரைத்து, ஒரு காட்டுச் செடியைச் சுண்டக் காய்ச்சிய சாற்றில் குழைப்பார்கள். சிவப்பு, காவி மண்ணிலிருந்து வருவது. தூரிகை, யுக்கா என்ற வறள்நிலச் செடியின் இலை. அதன் நுனியை மென்று நாராக்கிக் கொண்டால் போதும். சுடுவதற்குத் தனிச் சூளை கிடையாது. ஆட்டுப்பட்டியில் மிதிபட்டு இறுகிக் காய்ந்த சாணத்தை வில்லைகளாக வெட்டியெடுத்து, திறந்த வெளியில் பானையைச் சுற்றி அடுக்கி மூட்டம் போடுவார்கள். ஆடு ஸ்பானியர்களோடு வந்தது. ஆக ‘ஆதிகாலத்து முறை’ என்று பெருமையாகச் சொல்லப்படும் இந்தச் சாண நெருப்பும் ஒரு காலத்தில் புதிதாக வந்து சேர்ந்ததுதான். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

தண்ணீர் ஜாடியின் அடிப்பாகம் உள்வாங்கிக் குழிந்திருக்கும். யுக்கா நாரில் பின்னிய சும்மாட்டின் மேல் வைத்துத் தலையில் சுமப்பதற்காக அந்தக் குழி. பழைய ஜாடியை அருங்காட்சியகத்தில் பார்க்க வாய்த்தால் வரைந்த பக்கத்தோடு நின்றுவிடாதீர்கள். விளிம்பில் கைபட்டுத் தேய்ந்த வழவழப்பும், உள்ளே தண்ணீர் உப்பு படிந்த கோடும் அது எத்தனை காலம் ஒரு வீட்டில் வாழ்ந்தது என்பதைச் சொல்லிவிடும்.

வரைவதற்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

1879-இல் வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் நிறுவனத்திலிருந்து ஒரு குழு ஜுனிக்கு வந்தது. ஜேம்ஸ் ஸ்டீவன்சன், அவர் மனைவி மெட்டில்டா, புகைப்படக்காரர் ஜான் ஹில்லர்ஸ், அப்புறம் 22 வயது ஃபிராங்க் ஹாமில்டன் குஷிங். மற்றவர்கள் திரும்பிப் போனபின்னும் குஷிங் 1884 வரை அங்கேயே தங்கினார், மொழி கற்றார், அவர்களுடைய ‘வில் பூசாரிகள்’ என்ற போர்வீரர் சங்கத்தில் சேர்க்கப்பட்டார். 1886-இல் வெளியான அவருடைய மட்பாண்ட ஆய்வில் சில குறிப்புகள் உண்டு. படித்ததிலிருந்து எந்த ஜுனி பானையையும் என்னால் முன்போலப் பார்க்க முடியவில்லை.

பானை வனைந்து முடிந்ததும் அது உயிருள்ள ஒன்றாகிவிடுகிறது என்று பெண்கள் அவரிடம் சொன்னார்கள். தட்டினால் எழும் ஒலி அதன் குரல். சுடும்போது வெடித்துச் சத்தம் வந்தால், அந்த உயிர் குரலெழுப்பிக்கொண்டு வெளியேறுகிறது என்று பொருள். அதனால்தான் வரையும்போதும் சுடும்போதும் உரக்கப் பேசக் கூடாது, பாடக் கூடாது. வேறு சத்தம் உள்ளே புகுந்துகொண்டால் சுடும்போது அது வெளியே வரப் பார்க்கும், பானை பிளந்துவிடும். பானையின் கழுத்திலும் உடலிலும் சுற்றி ஓடும் கோடுகள் ஓரிடத்தில் மட்டும் சேராமல், விரல் நுனி அளவு இடைவெளி விட்டு நிற்கும். உயிர் வந்துபோகும் வழி அது, அதை மூடக் கூடாது. குஷிங் கேட்டபோது இந்த இடைவெளிக்கு அவர்கள் சொன்ன காரணம் இதுதான்.

எந்தப் பொருட்காட்சியிலும் நான் முதலில் தேடுவது அந்த இடைவெளியைத்தான். ஊர்ப்பெண் தன் வீட்டுக்கு வனைந்த ஜாடியிலும் அது இருக்கும், வாஷிங்டன்காரருக்கு விற்க வனைந்த ஜாடியிலும் இருக்கும். வாங்குகிறவருக்கு அது என்னவென்றே தெரியாது. அவர் கேட்கவும் இல்லை. அப்படியும் அந்தப் பெண் வழியை மூடவில்லையே. விற்பனைச் சரக்கு என்று அதைத் தள்ளிவைக்கிறவர்களிடம் நான் காட்ட விரும்பும் முதல் சான்று இது.

சடங்குக் கிண்ணங்கள் தனி. சோள மாவு வைப்பதற்கானவை அவை. விளிம்பு படிக்கட்டுப் போல ஏறி இறங்கும். கிண்ணம் பூமித்தாய், அதன் வட்ட விளிம்பு அடிவானம், படிகள் மேகம் எழும் மலைகள் என்று அவர்கள் விளக்கியதைக் குஷிங் எழுதியிருக்கிறார். அதன்மேல் தவளை, தலைப்பிரட்டை, தும்பி எல்லாம் வரும். தண்ணீர் உள்ள இடத்தில் வாழ்கிற உயிர்கள். ஜுனி வறண்ட மேட்டுநிலம், மழையை நம்பிச் சோளம் போடுகிறவர்கள் வேறு எதை வரைவார்கள்?

தண்ணீர் ஜாடியில் எல்லோருக்கும் தெரிந்த உருவம் மான். பக்கவாட்டில் நிற்கும் மான், அதன் வாயிலிருந்து தொடங்கி நெஞ்சுவரை போகும் சிவப்பு அம்புக்கோடு. மூச்சு போகும் பாதை. மானுக்கு மேலே வளைவாக ஒரு கூரை, அதில் சுருள் அலங்காரங்கள். மான் தன் வீட்டுக்குள் நிற்கிறது என்பார்கள். இரண்டு மான் கூட்டத்துக்கு நடுவே பெரிய வட்டப்பூ ஒன்று, சூரியகாந்திபோல. இந்த மானும் பூவும் சேர்ந்த அமைப்பு 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகுதான் பரவலாகிறது. அதற்கு முந்தைய கியாப்க்வா வகை ஜாடிகளில் மான் அநேகமாகக் கிடையாது. பெரிய சுருள்களும் இறகு வடிவங்களும் மழைப்பறவையும்தான் இருக்கும். அடிவயிற்றுக்குச் சிவப்பு பூசியிருப்பார்கள், பிற்காலத்து ஜாடிகளில் அந்த இடம் பழுப்பாகவோ கறுப்பாகவோ மாறிவிடுகிறது. என் சொந்த ரசனையைக் கேட்டால் கியாப்க்வாவைத்தான் சொல்வேன். அந்தச் சுருள்களில் உள்ள அடக்கமான வேகம் மான் ஜாடிகளில் கொஞ்சம் இறுகிவிடுகிறது. ஆனால் சேகரிப்பாளர்கள் மானைத்தான் விரும்பினார்கள். கண்ணுக்குச் சட்டென்று பிடிபடுகிற உருவம், எந்த ஊர்ப் பானை என்று சொல்லவும் எளிது. மான் இருந்தால் ஜுனி என்றாகிவிட்டது.

ஸ்டீவன்சன் குழுவினர் சேர்த்த அளவை நினைத்தால் இன்றும் மலைப்பாக இருக்கிறது. 1879 தொடங்கி அடுத்த சில ஆண்டுகளில் ஜுனியிலிருந்தும் சுற்றுவட்ட ஊர்களிலிருந்தும் ஆயிரக்கணக்கான பொருள்கள் வண்டி வண்டியாக ஏற்றப்பட்டு வாஷிங்டன் போய்ச் சேர்ந்தன. பெரும்பாலும் பண்டமாற்றுதான். ரயில்வண்டி வந்தால் ஊரின் பழைய வாழ்க்கை அழிந்துவிடும், அதற்குள் எடுத்துப் பாதுகாத்துவிட வேண்டும் என்பது அவர்கள் சொன்ன நியாயம். பாதுகாத்தார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எடுத்துப் போனதும் அவர்கள்தானே. ஒரு தலைமுறையின் புழங்குபாண்டங்களில் பெரும்பங்கு சில ஆண்டுகளில் ஊரைவிட்டுப் போனால், அடுத்து வனையக் கற்கும் சிறுமி எதைப் பார்த்துக் கற்பாள்?

இதைவிட என்னை உறுத்துவது இன்னொன்று. வாஷிங்டன் போன பானைகளில் ஒரேபோல் இருப்பவற்றை ‘உபரிப் பிரதி’ என்று பிரித்து, மற்ற அருங்காட்சியகங்களுக்குக் கொடுத்து மாற்றிக்கொள்ளும் வழக்கம் அப்போது இருந்தது. கையால் சுருள் திரித்து எழுப்பி, அளவுகோல் இல்லாமல் விரலால் அளந்து வரைந்த இரண்டு ஜாடிகள் எப்படிப் பிரதியாகும்? ஒரே பெண் ஒரே வாரத்தில் வனைந்தாலும் ஆகாது.

1881-இல் ரயில் காலப் வரை வந்தது. பானை வனையும் இன்னொரு பூர்வகுடி ஊரான லகூனா தண்டவாளத்தின் ஓரத்திலேயே இருந்தது, அகோமா என்ற ஊரும் பக்கம். அந்த ஊர்ப் பெண்கள் ரயில்நிலைய மேடையிலேயே பயணிகளிடம் சின்னச் சின்னப் பானைகளை விற்றார்கள். ஜுனி தள்ளி இருந்ததால் அப்படிக் கூட்டம் வரவில்லை. ஊரிலேயே கடை போட்ட வியாபாரிகள் வழியாகவும், தேடிக்கொண்டு வந்த அருங்காட்சியகக்காரர்கள் வழியாகவும்தான் ஜுனி பானைகள் வெளியேறின. புரூக்ளின் அருங்காட்சியகத்துக்காக ஸ்டூவர்ட் கியூலின் 1903-இல் முதல்முறை வந்தார், அப்புறமும் வந்தார். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஃபிரெட் ஹார்வி நிறுவனம் அல்புகர்க்கி ரயில்நிலைய விடுதியிலேயே பூர்வகுடிக் கைவினைக்கென்று கடை திறந்தது. இந்தச் சந்தைக்குப் பெரிய தண்ணீர் ஜாடி தோதுப்படாது, பெட்டியில் வைக்கவே முடியாது. ஜுனியில் அதற்கென்று நன்றாக ஓடியது ஆந்தை. வெள்ளை மேனி, கறுப்பு இறகுக் கோடுகள், பெரிய கண்கள், சில சமயம் முதுகிலும் சிறகிலும் குஞ்சுகள். சுற்றுலாப் பொம்மை என்று ஒதுக்கிவிடுவார்கள். ஸ்டீவன்சன்களின் தொடக்ககாலச் சேகரிப்பிலேயே ஆந்தைகள் இருக்கின்றன. அதாவது வெளியூர்க்காரர்கள் கேட்டுத் தோன்றிய உருவம் அல்ல அது, கேட்டதால் பெருகிய உருவம்.

1924 கோடையில் ரூத் பன்ஸல் ஜுனிக்கு வந்தார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மானிடவியலாளர் ஃபிரான்ஸ் போவாஸின் செயலராக வேலை பார்த்தவர். மானிடவியலாளர் ரூத் பெனடிக்ட் ஜுனிக்குப் போகிறார் என்று தெரிந்ததும் தானும் கூடப் போக நினைத்தார். தட்டச்சு செய்து மட்டும் பொழுதைக் கழிக்காதே, கலைஞருக்கும் அவர் செய்யும் பொருளுக்கும் என்ன உறவு என்று ஆராய்ச்சி செய் என்று போவாஸ் சொல்லி அனுப்பினார். பன்ஸல் அங்கே போய்க் குயப் பெண்களிடம் மாணவியாக உட்கார்ந்தார். பானைகளைப் பட்டியலிட்டவர்கள் அதற்குமுன் பலர் உண்டு. வனைகிறவளிடம் நீ என்ன நினைத்து வரைகிறாய் என்று இப்படி நிதானமாக உட்கார்ந்து கேட்டவர்கள் அரிது. 1929-இல் வெளியான அவருடைய ‘தி பூவெப்ளோ பாட்டர்’ என்ற நூல் அதனால்தான் இன்றும் பயன்படுகிறது. ஜாடியில் கழுத்துக்கு ஓர் அமைப்பு, உடலுக்கு வேறு அமைப்பு, இரண்டும் ஒன்றாக இருக்கக் கூடாது என்பதுபோல் உறுதியான விதிகள் அந்தப் பெண்களிடம் இருந்தன. முன்கூட்டிக் கோடு போட்டுப் பார்ப்பதில்லை, முழு ஜாடியும் மனசில் தயாரான பிறகுதான் தூரிகையைத் தொடுவார்கள்.

ஆனால் பன்ஸல் வந்தபோதே ஜுனியில் வனைவது குறைந்துகொண்டிருந்தது. தகர வாளியும் எனாமல் பாத்திரமும் வீட்டுக்குள் வந்துவிட்டன. வெள்ளியிலும் டர்க்காய்ஸ் கல்லிலும் நகை செய்தால் கைமேல் காசு, உடையவும் உடையாது. சி. ஜி. வாலஸ் போன்ற வியாபாரிகள் நகை வேலையைத்தான் ஊக்குவித்தார்கள். ஜுனி என்றால் கல் பதித்த நகை என்று உலகம் பேசத் தொடங்கியது. அந்தக் காலத்திலும் த்ஸாயுதித்ஸா என்ற பெண் பிரமாண்டமான ஜாடிகளை வனைந்துகொண்டிருந்தார். அந்த அளவில் மண் சரியாமல் சுவர் எழுப்புவதும், திறந்த நெருப்பில் வெடிக்காமல் சுட்டெடுப்பதும் சாதாரணக் கை செய்கிற காரியம் இல்லை. மானும் பூவும் அவர் கையில் இறுகவில்லை, காற்றோட்டமாக நின்றன. பழைய ஜுனி வனைவோரில் பெயரோடு நமக்குத் தெரிந்தவர் வெகுசிலரே, அவர் அவர்களில் ஒருவர். மற்றவர்களுடைய பெயர்களை வாங்கியவர்கள் எழுதி வைக்கவில்லை. வாங்கியவர் பெயர், வாங்கிய தேதி, பட்டியல் எண் எல்லாம் ஒழுங்காக இருக்கும்.

பிறகு நடந்ததுதான் எனக்குப் பெரிய ஆறுதல். ஜுனி உயர்நிலைப் பள்ளியில் மட்பாண்டம் கற்றுக்கொடுக்க முதலில் டெய்சி ஹூயீயும் அவருக்குப் பின் ஜென்னி லாத்தேயும் வந்தார்கள். டெய்சி, ஹோப்பி-தேவா என்ற பூர்வகுடியைச் சேர்ந்த புகழ்பெற்ற குயவர் நம்பேயோவின் பேத்தி. ஜென்னி அகோமாக்காரர். வேற்றூரில் பிறந்த இருவர் ஜுனிப் பிள்ளைகளுக்கு ஜுனிப் பானை சொல்லிக்கொடுத்தார்கள். ஊருக்குள் ஜோசஃபின் நஹோஹாயும் அவர் மகன்கள் மில்ஃபோர்டும் ரேண்டியும் வனைந்தார்கள். பெண்களின் வேலையாக இருந்ததை ஆண்களும் எடுத்துக்கொண்டார்கள். நஹோஹாய் குடும்பத்தினர் 1980-களில் வாஷிங்டன் வரை போய், ஸ்டீவன்சன்கள் கொண்டுபோன பானைகளை ஸ்மித்சோனியனில் நேரில் பார்த்தார்கள். நூறு ஆண்டுக்கு முன் ஊரைவிட்டுப் போன வரைவுகள் இப்படித் திரும்பி வந்தன. திரும்பி வந்தவற்றைப் புதுப் பானைகளில் வரைந்து, அடியில் பெயரெழுதி, சேகரிப்பாளர்களுக்கே விற்றார்கள். சந்தை இல்லாமல் இந்த மறுபிறப்பு நடந்திருக்காது. இதைச் சொல்ல ஏன் தயங்க வேண்டும்?

பள்ளியில் மின்சாரச் சூளையில் சுட்டுப் பழகியதால் இன்று ஜுனியில் பலரும் அதிலேயே சுடுகிறார்கள். வெடிப்பது குறைவு, வெள்ளையும் பளிச்சென்று நிற்கும். சேகரிப்பாளர் வட்டத்தில் இதற்கு ஒரு முகச்சுளிப்பு உண்டு. சாணத்தில் சுட்டால்தான் மரபு, அதற்குத்தான் விலை என்பார்கள். முன்பு சொன்னதை இங்கே எடுத்துக்கொள்ளுங்கள்: சாணமே ஸ்பானிய ஆட்டோடு வந்தது. ஆட்டுச் சாணத்தை ஏற்றுக்கொண்ட பெண்களின் பேரப்பிள்ளைகள் மின்சாரத்தை ஏற்றுக்கொள்ளும்போது மட்டும் மரபு கெட்டுவிடுமா? மின்சூளையில் சுட்ட கிண்ணத்திலும் தலைப்பிரட்டை நீந்துகிறது, அந்தக் கிண்ணம் ஊர்ச் சடங்குக்கும் போகிறது. எது மரபு என்று முடிவு செய்ய வேண்டியவர்கள் அவர்கள்தான், காசு கொடுத்து வாங்குகிறவர்கள் அல்ல.

அண்மைக் காலத்தில் ஒரு நல்ல மாற்றம் தெரிகிறது. சாண்டா ஃபே காப்பகத்தில் உள்ள ஜுனி பொருள்களை ஜுனிப் பெரியவர்கள் ஒவ்வொன்றாகக் கையிலெடுத்துப் பார்த்து, பட்டியலில் உள்ள பிழைகளைத் திருத்தியிருக்கிறார்கள். எது எதற்குப் பயன்பட்டது, எதைப் பொதுவில் காட்டலாம், எதைக் காட்டக் கூடாது என்று அவர்கள் சொன்னது பதிவாகியிருக்கிறது. மற்ற அருங்காட்சியகங்களும் இதைச் செய்ய வேண்டும். அதோடு ஒவ்வொரு பானையின் பலகையிலும் அது யாரால் எப்போது, பண்டமாற்றாகவா காசுக்கா, எந்தச் சூழலில் வாங்கப்பட்டது என்ற ஒரு வரியும் வேண்டும் என்பேன். காலம், வகை, உயரம் என்று மட்டும் எழுதி வைத்தால் பாதிக் கதை பலகைக்கு வெளியே நின்றுவிடுகிறது.

அந்தப் பக்கம் போகிறவர்கள் ஜுனி ஊருக்கே போங்கள். 1992-இல் ஊர்க்காரர்களே தொடங்கிய ஆஷிவி ஆவான் அருங்காட்சியகம் அங்கே இருக்கிறது, ஹாவிகூவின் கதையை அவர்கள் வாயாலேயே கேட்கலாம். படம் எடுக்க ஊர் நிர்வாகத்திடம் அனுமதி வாங்க வேண்டும், சில நாள்களில் வெளியாருக்குச் சில இடங்கள் மூடியிருக்கும், அதை மதித்து நடங்கள். பானை வாங்குவதாக இருந்தால் வனைந்தவரிடமே வாங்குங்கள். என்ன வரைந்திருக்கிறார் என்று கேளுங்கள். சொல்ல விரும்பினால் சொல்வார், விரும்பாவிட்டால் வற்புறுத்தாதீர்கள்.